எரிமலையை விமானத்திலிருந்து லேசரால் அளப்பது: சாட்டிலைட் படம் போதாதா?

கேள்வி: மார்ச் 2, மாலை 6.20

அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற எரிமலையை விமானத்தில் லேசர் கருவி வைத்து அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறார்கள் என்று படித்தேன். அதுவும் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. சாட்டிலைட் படம்தான் எல்லார் போனிலும் இருக்கிறதே. மலை எங்கே ஓடிவிடப் போகிறது? வீண் செலவு என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த லேசர் அளவைக்கு லைடார் என்று பெயராம், அந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 9.50

பதினோரு வருடமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன். விமானத்தில் ஏறுவது நான் இல்லை. அவர்கள் அளந்து அனுப்புவதைக் கணினியில் பிரித்துச் சுத்தம் செய்து வரைபடமாக்குவது என் வேலை.

"மலை எங்கே ஓடிவிடப் போகிறது" என்று கேட்டீர்கள். இந்த மலை ஓடியது. 1980 மே 18, காலை 8.32க்கு அதன் வடக்குப் பக்கம் அப்படியே சரிந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. சரிந்தது மட்டும் சுமார் 2.5 கன கிலோமீட்டர். முந்தின நாள் வரை 2,950 மீட்டர் உயரம் இருந்த மலை 2,549 மீட்டராகக் குறைந்துவிட்டது. 57 பேர் இறந்தார்கள். பிறகும் அது சும்மா இருக்கவில்லை. 1980 முதல் 1986 வரை எரிமலை வாய்க்குள் ஒரு குவிமாடம், அதாவது வெளியே வந்த குழம்பு இறுகிக் குவிந்த மேடு, வளர்ந்தது. 2004 அக்டோபரில் அதற்குத் தெற்கே இன்னொன்று கிளம்பி 2008 ஜனவரி வரை வளர்ந்தது. வடக்கே டூட்டில் ஆறு சரிவு மண்ணை இன்றைக்கும் அறுத்துக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தடவை எடுத்த வரைபடம் சின்ன வயதில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. ஆள் அவர்தான், ஆனால் இன்றைக்கு அடையாளம் காட்ட உதவாது.

சாட்டிலைட் படத்தில் நிறம் இருக்கும், உயரம் இருக்காது. உயரம் வேண்டுமென்றால் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் 11 நாளில் எடுத்த உலக வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே 30 மீட்டர். ஒரு வீட்டு மனையே அதில் ஒரு புள்ளிதான். லைடாரில் ஒரு மீட்டர் கட்டம் சாதாரணம்.

மார்ச் 2, இரவு 11.05

எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் தனியாகக் கேட்டார். பொதுவிலேயே எழுதுகிறேன்.

விமானத்தின் அடிவயிற்றில் ஒரு ஓட்டை, அதில் லேசர் பெட்டி. அது நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு, அதற்கு மேலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பும். ஒரு கண்ணாடி இடதும் வலதுமாக ஆடி அதை விசிறிவிடும். தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று கருவி எண்ணும். நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகும். ஆகவே கடிகாரம் ஒரு நானோ நொடி பிசகினால் தரை 30 செ.மீ. மேலேயோ கீழேயோ போய்விடும்.

தூரம் மட்டும் தெரிந்து பயனில்லை. அந்தத் துடிப்பு கிளம்பிய நேரத்தில் விமானம் எங்கே இருந்தது என்று ஜிபிஎஸ் சொல்ல வேண்டும். மூக்கு எவ்வளவு தூக்கியிருந்தது, இறக்கை எவ்வளவு சாய்ந்திருந்தது என்று ஐஎம்யூ, அதாவது சாய்வையும் அசைவையும் அளக்கும் கருவி, சொல்ல வேண்டும். மூன்று கருவியும் ஒரே கடிகாரத்தில் ஓடினால்தான் ஒரு புள்ளி கிடைக்கும். மலைக்காற்றில் சின்ன விமானம் எப்படி ஆடும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆட்டத்தையெல்லாம் கழித்த பிறகு வரும் புள்ளிகள்தான் எங்கள் மேசைக்கு வருகின்றன. பாயிண்ட் கிளவுட் என்போம், புள்ளி மேகம்.

மார்ச் 3, காலை 7.30

திருத்தம். நேற்று ராத்திரி எழுதிய 30 செ.மீ. கணக்கு தப்பு. ஒளி போய்த் திரும்பி வருகிறது, அதனால் ஒரு நானோ நொடிப் பிசகுக்குத் தரை நகர்வது 15 செ.மீ.தான். படுத்த பிறகு ஞாபகம் வந்தது. மேலே அப்படியே விட்டிருக்கிறேன், இதைச் சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 4, இரவு 10.20

"மரம் இருந்தால் லேசர் மரத்தில்தானே படும்?" நல்ல கேள்வி. லைடாரின் அருமையே இங்கேதான்.

ஒரு துடிப்பு ஊசி மாதிரி இறங்குவதில்லை. தரைக்கு வரும்போது ஒரு தட்டு அகலத்துக்கு விரிந்திருக்கும். அதில் கொஞ்சம் உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பும், கொஞ்சம் நடுக்கிளையில், மீதி இலை இடுக்கு வழியாகத் தரைக்குப் போய் வரும். ஒரே துடிப்புக்கு மூன்று நான்கு பதில். கடைசிப் பதில் பெரும்பாலும் தரை. புளியமரத்தடியில் மத்தியான வெயில் பொட்டுப் பொட்டாக விழுமே, வெயில் விழும் இடமெல்லாம் லேசரும் விழும். மரத்தை நீக்கிவிட்டுத் தரையை மட்டும் பார்க்கலாம். விமானப் புகைப்படத்தால் இது ஆகாது.

செயின்ட் ஹெலன்ஸில் 1980 வெடிப்பு வடக்கே இருந்த காட்டை அப்படியே படுக்க வைத்தது. ஆற்றங்கரைகளில் இப்போது ஆல்டர் மரம் அடர்ந்து எழும்பியிருக்கிறது. அதற்கு அடியில் கரை எவ்வளவு அரிந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதை விட்டால் ஆள் நடந்து போய்த்தான் அளக்க வேண்டும்.

பறப்பது செப்டம்பரில். 2009இல் எரிமலை வாயையும் டூட்டில் ஆற்றின் மேல்பகுதியையும் அளந்தது செப்டம்பர் மாதம். கோடை முடிந்து அடுத்த பனி விழுவதற்கு முந்தைய இடைவெளி அது. பனி இல்லாத தரை கிடைக்கும்.

மார்ச் 5, காலை 8.10

நீராவியில் லேசர் படுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதிலும் பட்டுத் திரும்பும். புகையும் குவிமாடத்துக்கு மேலே அந்தரத்தில் புள்ளிகள் கொத்தாகத் தொங்கும். அவற்றைக் கையால் வட்டமிட்டு "நாய்ஸ்" வகுப்பில் தள்ள வேண்டும். கனமான ஆவி என்றால் அடியில் தரைப் புள்ளியே இருக்காது, ஓட்டைதான்.

மார்ச் 8, இரவு 11.40

பேசிக்கொண்டே இருப்பதற்குப் பதில் செய்து பார்ப்போம் என்று 2003 வரைபடத்தையும் 2009 வரைபடத்தையும் வீட்டுக் கணினியில் வைத்துக் கழித்தேன். 2003இல் அளந்தபோது புதுக் குவிமாடம் கிடையாது. 2009இல் அது வளர்ந்து முடிந்து ஒன்றரை வருடம். ஒவ்வொரு கட்டத்திலும் புதிய உயரத்திலிருந்து பழைய உயரத்தைக் கழிக்க வேண்டியதுதான். உயர்ந்த இடம் சிவப்பு, தாழ்ந்த இடம் நீலம், மாறாதது வெள்ளை.

திரை முழுக்க நீலம். ஆறு வருடத்தில் மலையும் காடும் ஆறும் ஒட்டுமொத்தமாகச் சுமார் இருபது மீட்டர் இறங்கிவிட்டதாகக் காட்டியது.

காரணம் தெரிந்ததுதான், அவசரத்தில் கவனிக்கவில்லை. ஜிபிஎஸ் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியை வழுவழுப்பான ஒரு கணித முட்டையாக வைத்துக்கொண்டு அதன் தோலிலிருந்து சொல்லும். உண்மையான கடல் மட்டம் அந்த முட்டையோடு ஒட்டாது, சில இடத்தில் மேலே, சில இடத்தில் கீழே. அந்தப் பகுதியில் வித்தியாசம் சுமார் இருபது மீட்டர். ஒரு கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது உயர முறையை நான் தப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

நம் பக்கம் இது இன்னும் பெரிது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டம் அந்த முட்டையை விட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. கடல் மட்டம் இப்படித் தாழ்ந்திருக்கும் பள்ளங்களில் உலகத்திலேயே ஆழமானது அதுதான். மெரினா மணலில் நின்று ஜிபிஎஸ் திருத்தாமல் தரும் உயரத்தைப் பார்த்தால் மைனஸ் எண்பதுக்கும் கீழே காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர், "கடல் தண்ணிக்குள்ள நிக்கிறோம்னு மெஷின் சொல்லுது பாரு" என்று சிரித்தார்.

அதைச் சரிசெய்து மறுபடி கழித்தேன். இப்போது நடுவில் குவிமாடம் ரத்தச் சிவப்பாகப் பளிச்சென்று வந்தது. ஆனால் எரிமலை வாயின் கிழக்குச் சுவர் நெடுக ஒரு சிவப்புக் கோடு, மேற்குச் சுவர் நெடுக நீலக் கோடு. ஒரு பக்கச் சுவர் வளர்ந்து எதிர்ப்பக்கம் தேய்ந்ததா? படம் இணைத்திருக்கிறேன். யாருக்காவது காரணம் தெரிந்தால் எழுதுங்கள். நாளை காலை பார்க்கிறேன்.

மார்ச் 9, காலை 6.15

யாரும் எழுதவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சுவர் சிவந்து எதிர்ச்சுவர் நீலமானால் மலை மாறவில்லை, ஒரு வரைபடம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சமதளத்தில் ஒரு மீட்டர் நகர்ந்தால் ஒன்றும் தெரியாது, வயல் வயல்தான். 45 டிகிரிச் சரிவில் ஒரு மீட்டர் நகர்ந்தால் உயரம் ஒரு மீட்டர் பொய்யாகும். 60 டிகிரியில் 1.7 மீட்டர். எரிமலை வாயின் சுவர்கள் பல இடத்தில் மிகச் செங்குத்தானவை. வயல்வெளியில் மன்னிக்கப்படும் தப்பு இங்கே பாறைச்சரிவு மாதிரியே வேஷம் போட்டு வந்து நிற்கும்.

நகர்ந்ததும் நான் செய்த வேலையால்தான். அமெரிக்க வரைபடங்கள் நாட் 83 என்ற அளவைச் சட்டகத்தில் இருக்கும், அதாவது ஓர் இடத்தின் நிலையை எதிலிருந்து எண்ணுவது என்ற ஏற்பாடு. ஜிபிஎஸ்ஸின் சட்டகம் வேறு. இரண்டுக்கும் அங்கே ஒரு மீட்டருக்கும் மேல் வித்தியாசம். பல மென்பொருள்கள் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு மாற்றிவிடும். ஒரு கோப்பு அப்படி மாறியிருந்தது.

மூல கோப்பை மறுபடி எடுத்து மாற்றாமலே கழித்தேன். கோடுகள் போய்விட்டன.

மார்ச் 9, மதியம் 1.05

"அப்படியானால் எவ்வளவு வித்தியாசத்தை நம்பலாம்?" என்று கேட்டவருக்கு: ஒவ்வொரு வரைபடத்திலும் 15 செ.மீ. பிழை என்று வைத்துக்கொண்டால், கழித்ததில் பிழை 15 இல்லை, 30ம் இல்லை. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 21 செ.மீ. அதற்குக் கீழே உள்ள நிறத்துக்குக் கதை கட்டக் கூடாது. செங்குத்துச் சுவரில் இந்த வரம்பு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும், மேலே சொன்ன காரணத்தால். மாறாத இடங்கள் வெள்ளையாக வருகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். தார்ச்சாலை, பழைய பாறைத்தளம் இப்படி. அவை வெள்ளையாக வராதவரை மற்ற இடத்தின் நிறத்தைப் பார்ப்பதே இல்லை.

மார்ச் 10, இரவு 9.00

படத்தில் எரிமலை வாய் குழியாகத் தெரியாமல் மேடாகத் தெரிகிறது என்று இரண்டு பேர். போனைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்! நிழல் வரைபடத்தில் வெளிச்சம் வடமேற்கிலிருந்து, அதாவது படத்தின் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாகப் போடுவது வழக்கம். நம் மூளை வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. படத்தைத் திருப்பினால் வெளிச்சம் கீழிருந்து வருவதாகி, குழி மேடாகும், மேடு குழியாகும். நிஜத்தில் அந்த மலைக்கு வடமேற்கிலிருந்து சூரியன் அப்படி அடிப்பதே இல்லை, கண்ணுக்காகச் செய்யும் ஏற்பாடு அது.

மார்ச் 11, இரவு 11.55

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினால்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.

மரத்தை நீக்கிவிட்டுத் தரையை எடுக்கலாம் என்று 4ஆம் தேதி லேசாக எழுதிவிட்டேன். அது தானாக நடப்பதில்லை. புள்ளி மேகத்தில் எந்தப் புள்ளி தரை என்று முதலில் ஒரு நிரல் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மிகத் தாழ்ந்த புள்ளியை எடுத்து, ஜமுக்காளம் விரிப்பது போலத் தோராயமாக ஒரு தரை விரிக்கும். பிறகு பக்கத்துப் புள்ளிகளைப் பார்க்கும். ஜமுக்காளத்திலிருந்து இத்தனை டிகிரிக்குள், இத்தனை மீட்டருக்குள் எழும்பினால் தரையோடு சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டி வெடுக்கென்று எழும்பினால் மரம் அல்லது கட்டடம் என்று ஒதுக்கிவிடும். அந்த டிகிரியையும் மீட்டரையும் கொடுப்பது என்னைப் போன்ற ஒருத்தி. பிறகு உட்கார்ந்து குறுக்குவெட்டு குறுக்குவெட்டாகப் பார்த்து, நிரல் தப்பாக ஒதுக்கியதைக் கையால் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

சில வருடத்துக்கு முன் மலைப்பாதையில் போகும் ஒரு மின்கம்பித் தடத்தின் தரவு எங்களிடம் வந்தது. எந்த நாடு, யார் வேலை என்று சொல்ல மாட்டேன். மாதக் கடைசி, கெடு நெருக்கம். நானே நிரலை ஓட்டி, நானே பார்த்து, சரி என்று போட்டுவிட்டேன். மறுநாள் எனக்குப் பக்கத்து இருக்கையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண் கூப்பிட்டாள். "அக்கா, இங்க வாங்களேன். டவர் காத்துல நிக்குது."

போய்ப் பார்த்தேன். குறுக்குவெட்டில் மின்கோபுரத்தின் நாலு காலும் தரைக்கு நான்கு மீட்டர் மேலே முடிந்திருந்தன. கோபுரத்தை ஒரு பாறைக் குன்றின் தலையில் நட்டிருக்கிறார்கள். பாறை செங்குத்தாக எழும்பியதால் நிரல் அதை "உயரமான செடி" என்று ஒதுக்கிவிட்டது. அவள் வண்ணத்தை மாற்றிக் காட்டினாள். குன்று முழுக்கப் பச்சைப் புள்ளி, வேப்பமரம் மாதிரி. அடியில் தட்டையாக ஒரு பழுப்புக் கோடு, அதுதான் நான் சரி என்று போட்ட தரை. கம்பிக்கும் தரைக்கும் இடைவெளி அந்த இடத்தில் நிஜத்தை விட நான்கு மீட்டர் அதிகமாக வரைபடத்தில் போயிருக்கும். அனுப்பும் முன் பிடித்துவிட்டோம். அன்றைக்கு அந்தத் தடம் முழுவதையும் இரண்டு பேரும் முதலிலிருந்து பார்த்தோம். இன்னும் இரண்டு குன்று அகப்பட்டது.

இந்த ஞாபகத்தோடு செயின்ட் ஹெலன்ஸின் 2004 நவம்பர்த் தரவைத் திறந்தேன். அப்போது புதுக் குவிமாடம் வளர்ந்துகொண்டிருந்தது. வந்த குழம்பு ஓடுகிற ஜாதி இல்லை. உள்ளேயே இறுகி, கிட்டத்தட்டக் கெட்டிப் பாறையாகவே பிதுங்கியது. திமிங்கலத்தின் முதுகு மாதிரி நீளமான ஒரு பாறை, மேல்தோல் அரைத்த மாவு பூசியது போல வழவழப்பாக, வெளியே தள்ளும்போது உரசிய கீறல்கள் நெடுக. விஞ்ஞானிகளே அதைத் திமிங்கல முதுகு என்றுதான் அழைத்தார்கள். வேண்டுமென்றே நிரலை அதன் மீது காட்டுக்குப் போடும் அளவில் ஓடவிட்டேன். பாதித் திமிங்கலம் காணாமல் போனது. செங்குத்தான பக்கம் முழுக்கச் "செடி". புல்கூட முளைக்காத, நெருப்பிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பாறை!

அந்த அளவிலேயே விட்டு, அடுத்த வரைபடத்தை வேறு அளவில் எடுத்து, இரண்டையும் கழித்திருந்தால்? சரியாக எடுத்த இடத்தில் பாறை திடீரென்று வளர்ந்ததாகக் காட்டும். வளர்ச்சி வேகம் நாளுக்கு இவ்வளவு என்று யாராவது அதிலிருந்து கணக்குப் போடவும் செய்வார்கள்.

கேள்வி கேட்டவரே, செலவு விமானத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். விமானம் சில நாளில் பறந்துவிடும். குறுக்குவெட்டு பார்ப்பதுதான் மாதக்கணக்கு.

மார்ச் 12, மாலை 7.30

4ஆம் தேதிக் குறிப்பில் இன்னொரு தப்பு. "செப்டம்பரில் பனி இல்லாத தரை கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறேன். மலையின் வெளிச்சரிவுக்கு அது சரி. எரிமலை வாய்க்குள் சரியில்லை.

உள்ளே ஒரு பனியாறு இருக்கிறது. 1980க்கு முன் அது கிடையாது. வெடிப்பில் வாய் திறந்த பிறகு, தெற்குச் சுவரின் நிழலில் விழுந்த பனியும் சுவரிலிருந்து உதிர்ந்த பாறையும் சேர்ந்து சேர்ந்து இறுகிப் பனியாறாகிவிட்டது. நம்மில் பலருடைய வயதை விடச் சின்னப் பனியாறு. 2004இல் புதுக் குவிமாடம் அதன் நடுவிலேயே முளைத்து, கிழக்குக் கை மேற்குக் கை என்று இரண்டாகப் பிளந்தது. சுவருக்கும் குவிமாடத்துக்கும் நடுவில் நசுங்கிய பனி பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே உயர்ந்தது. 2008 மே மாதக் கடைசியில் இரண்டு கையும் குவிமாடத்துக்கு வடக்கே வந்து மறுபடி தொட்டுக்கொண்டன.

இது ஏன் முக்கியம் என்றால், என் கழித்தல் படத்தில் குவிமாடத்தைச் சுற்றி இருக்கும் சிவப்பு முழுவதும் புதுப் பாறை இல்லை, உயர்ந்த பனியும் அதில் இருக்கிறது. லேசருக்குப் பனிக்கட்டியும் ஒரு பரப்புதான், அடியில் என்ன என்று அது சொல்லாது. அது தெரியாமல் சிவப்பு முழுவதையும் கூட்டிப் பார்த்துப் புதுப் பாறையின் கன அளவு என்று 8ஆம் தேதியே எழுதத் துணிந்தேன். நல்லவேளை எழுதவில்லை. விஞ்ஞானிகள் கணித்தது 9 கோடி கன மீட்டருக்கும் சற்று மேல். சிவப்பை அப்படியே கூட்டினால் அதைத் தாண்டிப் போகிறது. குவிமாடத்தின் விளிம்பைக் கையால் வரைந்து வெட்டிப் பிரித்தால்தான் பக்கத்தில் வருகிறது. அந்த விளிம்பை வரைவதற்கே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, ஏனென்றால் பனி மேலும் பாறைத்தூள், பாறை மேலும் பனி.

மார்ச் 15, இரவு 10.10

தண்ணீர். இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்ல ஆசையாக இருக்கிறது.

அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் குடித்துவிடும். ஏரி இருக்கும் இடம் புள்ளி மேகத்தில் பெரும்பாலும் கருப்பு ஓட்டை. செயின்ட் ஹெலன்ஸுக்கு வடகிழக்கே ஸ்பிரிட் ஏரி. 1980இல் சாய்ந்த மரங்களில் ஏராளமானவை அந்த ஏரியில் இன்னும் மிதக்கின்றன, காற்றடிக்கும் பக்கமெல்லாம் கூட்டமாக நகர்கின்றன. தண்ணீர் லேசரைக் குடிக்கும், கட்டை திருப்பி அனுப்பும். அதனால் ஓட்டைக்கு நடுவில் கட்டைகள் மட்டும் தீக்குச்சி கொட்டினது போல வரும். விமானம் ஒரு தடவை போய், திரும்பிப் பக்கத்துப் பட்டையில் வருவதற்குள் கட்டை நகர்ந்துவிட்டால் ஒரே கட்டை இரண்டு இடத்தில் பதிவாகும். ஏரிக்குத் தட்டையான ஒரே உயரத்தைக் கையால்தான் கொடுக்க வேண்டும்.

ஏரியின் அடியைப் பார்க்கப் பச்சை நிற லேசர் உண்டு, அது தெளிந்த தண்ணீரில் இறங்கும்.

ஹவாயில் கிலவேயா எரிமலை 2018இல் உச்சியில் இடிந்து இறங்கியது. ஆழமான இடத்தில் சுமார் 500 மீட்டர். அடுத்த வருடம் ஜூலையில் அந்தக் குழியின் அடியில் பச்சையாகத் தண்ணீர் ஊறியது, நிலத்தடி நீர். மாதாமாதம் ஏறியது. 2020 டிசம்பர் 20 ராத்திரி லாவா மறுபடி வந்து ஏரி முழுவதையும் ஆவியாக்கிவிட்டது. ஒன்றரை வருடம் இருந்த ஏரி! எரிமலை வரைபடத்தில் தேதி போடாமல் விடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைத்தான் காட்டுவேன்.

மார்ச் 16, காலை 7.50

"இதை வைத்து எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியுமா?" முடியாது. 2004 செப்டம்பர் கடைசியில் மலை விழித்துக்கொண்டதை முதலில் சொன்னது நிலநடுக்கமானி. லைடார் எவ்வளவு மாறியது, எங்கே மாறியது என்று சொல்லும். மேற்கொண்டு எழுத வேண்டும், இப்போது வேலைக்குப் போகிற நேரம்.

மார்ச் 20, இரவு 11.30

நான்கு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மலையில் லேசர் வைத்து அளந்தது 2003இல் முதல் தடவை இல்லை. 1980 வசந்தத்திலேயே அளந்தார்கள். அப்போது மலையின் வடக்குப் பக்கம் வீங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே ஏறிய குழம்பு பக்கவாட்டில் தள்ள, நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வீதம் மலைச்சரிவு வெளியே வந்துகொண்டிருந்தது. எதிர் முகட்டில் கருவியை நிறுத்தி, வீக்கத்தின் மேல் வைத்த குறிகளை நோக்கி ஒரு கற்றையாக அனுப்பித் தூரம் எடுத்தார்கள். ஒரு குறிக்கு ஒரு அளவு. முக்காலி, கண், நோட்டுப் புத்தகம், வயர்லெஸ்.

மே 17 ராத்திரி அந்த முகட்டில் காவலுக்கு இருந்தவர் டேவிட் ஜான்ஸ்டன், 30 வயது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் எரிமலை விஞ்ஞானி. 18 காலை 7 மணிக்கு, அப்போதுதான் எடுத்த லேசர் அளவுகளை வயர்லெஸில் வான்கூவர் நகரத்து (கனடாவில் உள்ளது அல்ல, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது) அலுவலகத்துக்குச் சொன்னார். ஒரு மாதமாக எப்படி வீங்கிவந்ததோ அன்றைக்கும் அப்படியேதான், எண்களில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் மலை சரிந்தது. அவர் உடல் கிடைக்கவில்லை.

பல தடவை படித்த விஷயம்தான். இந்த இழைக்காகக் கோப்புகளை நோண்டும்போதுதான் அந்த 7 மணி என்னைப் பிடித்துக்கொண்டது. அளவு சரியாக இருந்தது. கருவியில் பிழை இல்லை, ஆளிடம் பிழை இல்லை. அந்த ஒரு எண்ணுக்குள் அவருக்கு வேண்டிய செய்தி இல்லாமல் போனது, அவ்வளவுதான். 16ஆம் தேதி "முடியாது" என்று ஒரு வார்த்தையில் எழுதியது எனக்கே பிடிக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அந்த முகட்டுக்கு இப்போது அவர் பெயர். 1997இல் அங்கே பார்வையாளர் மையம் திறந்தார்கள். 2009 வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார் நிறுத்துமிடம் தெரிகிறது, இஸ்திரி போட்டது போல மழமழவென்று. சாலையின் வளைவு தெரிகிறது. கட்டடம் இல்லை. தரை மட்டும் எடுக்கும் வரைபடம் என்பதால் கட்டடப் புள்ளிகளை யாரோ ஒருவர் என்னைப் போல உட்கார்ந்து ஒதுக்கியிருக்கிறார். அந்த இடத்தில் தரையை ஒட்டி ஒரு சின்ன மடிப்பு மட்டும் இருக்கிறது. முகட்டின் தெற்கு விளிம்பில் நின்று பார்ப்பது போலத் திரையைச் சாய்த்தால் நேர் எதிரே எரிமலை வாய் திறந்திருக்கிறது, குவிமாடம் இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக.

மார்ச் 23, காலை 6.40

திருத்திய கழித்தல் படம் இணைத்திருக்கிறேன். குவிமாட விளிம்பு கருப்புக் கோடு, பனியாற்றின் இரண்டு கையும் புள்ளிக்கோடு. சாம்பல் நிறம் போட்ட இடமெல்லாம் 21 செ.மீ.க்குக் கீழே, அங்கே எதையும் படிக்காதீர்கள். 8ஆம் தேதி போட்ட சிவப்பு நீலச் சுவர்ப் படத்தை நீக்கவில்லை. அதன் மேலே "தப்பு" என்று பெரிதாக எழுதிவிட்டேன், யாராவது அதை மட்டும் எடுத்துப் போய்ப் பகிர்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

டூட்டில் ஆற்றுப் பக்கம் கரை அரிப்பு தனியாகப் பார்க்க வேண்டும். மேல்பகுதியில் ஒரு வளைவில் நீலம் கெட்டியாக இருக்கிறது. 1989இல் கட்டி முடித்த வண்டல் தடுப்பணைக்கு வந்து சேரும் மண் இப்படிப்பட்ட வளைவுகளிலிருந்துதான் கிளம்புகிறது. அங்கே ஆல்டர் மரம் அடர்த்தி, தரைப் புள்ளி குறைவு. குறுக்குவெட்டு பார்க்காமல் எண் சொல்ல மாட்டேன்.